பல்லு பில்லும் மெடிக்கல் எய்டும்: வாசகர் கேள்வி பதில்

நவம்பர் வந்தாலே நமக்கு வர்ற கேள்வியில பாதி பல்லு பத்திதான். இங்க தென்னாப்பிரிக்காவுல மெடிக்கல் எய்ட் (மாசாமாசம் சந்தா கட்டி வைத்திய செலவுக்கு எடுக்கற கவர்) வருஷம் ஜனவரி 1ல ஆரம்பிச்சு டிசம்பர் 31ல முடியுது, வருஷ பெனிஃபிட்ல மிச்சம் இருந்தா அது அடுத்த வருஷத்துக்கு வராது, சந்தாவுல ஒரு பங்கு போய் சேர்ற சேவிங்ஸ் கணக்குல மிச்சம் இருந்தா அது மட்டும் உங்க பணம், கூடவே வரும். அதனால வருஷக் கடைசியில எல்லாரும் டென்டிஸ்ட் வாசல்ல போய் நிக்கிறாங்க, அப்புறம்தான் பில்லு வருது, கேள்வியும் வருது. இந்த மாசம் வந்ததுல பலபேருக்கும் உதவுற மாதிரி இருக்கறத எடுத்து பதில் எழுதியிருக்கேன். பேரெல்லாம் போடல, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): அக்கா, எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை மட்டன் கறி சாப்பிடும்போது எலும்ப கடிச்சு கடவாய்ப்பல்லு பொளந்து போச்சு. ரூட் கெனால் பண்ணி கிரவுன் (பல்லுக்கு மேல மாட்டற மூடி) போட்டாங்க. எங்க மெடிக்கல் எய்ட் புக்ல பல்லுக்கு 100% கவர்னுதான் போட்டிருக்கு. இப்ப பாத்தா பெரிய தொகை நாங்க கட்டணும்னு டென்டிஸ்ட் ரிசப்ஷன்ல இருந்து மெசேஜ் மேல மெசேஜ் வருது. 100%னா முழுசும்தானே? இது எப்படி நியாயம்?

பதில்: உங்க கோவம் எனக்கு நல்லா புரியுதும்மா, இந்த 100%ங்கற ஒரு வார்த்தையால ஏமாந்து போன குடும்பம் நம்ம ஊர்ல எத்தனையோ இருக்கு. அந்த 100% டென்டிஸ்ட் போடற பில்லுல இல்ல, மெடிக்கல் எய்ட் நடத்தற ஸ்கீம் தானா வச்சிருக்கற ரேட்ல. அவங்க ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ரேட் போட்டு வச்சிருப்பாங்க, அந்த ரேட்டோட 100% தருவாங்க. சும்மா கணக்குக்கு சொல்றேன், ஸ்கீம் ரேட் 1,000 ராண்ட், டென்டிஸ்ட் வாங்கறது 1,600 ராண்ட்னா, ஸ்கீம் 1,000 கட்டிட்டு நாங்க முழுசும் கட்டிட்டோம்னு சொல்லும், 600 உங்க தலையில. ரெண்டு பேரும் பொய் சொல்லல, ஆனா நடுவுல மாட்டிக்கறது நீங்க.

டென்டிஸ்ட் இவ்வளவுதான் வாங்கணும்னு சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. இல்லம்மா. முன்னாடி அரசாங்கம் ஒரு ரெஃபரன்ஸ் விலைப்பட்டியல் வச்சிருந்துச்சு, 2010ல கோர்ட் அத செல்லாதுன்னு தள்ளிருச்சு, அதுக்கப்புறம் டென்டிஸ்ட் அவங்கவங்க ரேட்ட அவங்கவங்களே வச்சுக்கலாம். ஆனா ஒண்ணு இருக்கு, 2003ம் வருஷ நேஷனல் ஹெல்த் ஆக்ட்படி வைத்தியம் பாக்கறவங்க என்ன வைத்தியம், வேற என்ன வழி இருக்கு, செலவு எவ்வளவு ஆகும்னு முன்கூட்டியே உங்களுக்கு சொல்லணும். நம்ம ஆளுங்க டாக்டர்கிட்ட காசு கேக்க கூச்சப்படறாங்க, அந்த கூச்சம் வேண்டாம், அது உங்க உரிமை.

இன்னொரு விஷயம், ரூட் கெனாலும் கிரவுனும் பல ப்ளான்ல ஒரே பையில இருந்து வராது. செக்கப், க்ளீனிங், ஃபில்லிங், பல்லு புடுங்கறது, எக்ஸ்ரே இதெல்லாம் பேசிக் டென்டிஸ்ட்ரி. கிரவுன், பிரிட்ஜ், மெட்டல் ஃப்ரேம் பல் செட், கம்பி மாட்டறது இதெல்லாம் ஸ்பெஷலைஸ்ட் டென்டிஸ்ட்ரி. பேசிக்குக்கு தாராளமா கட்டற ஸ்கீம் கூட ஸ்பெஷலைஸ்டுக்கு வருஷத்துக்கு ஒரு தொகைதான்னு லிமிட் வச்சிருக்கும், சின்ன ப்ளானா இருந்தா அந்த பகுதியே இருக்காது. ரூட் கெனால் சிலதுல பேசிக்ல வரும் சிலதுல வராது, அத உங்க ப்ளான் புக்லதான் பாக்கணும். கிரவுனுக்கு முன்கூட்டி ஆத்தரைசேஷன் (ஸ்கீமோட அனுமதி) வாங்கலன்னா ஒரு பைசா கிடையாதுன்னு சொல்ற ஸ்கீமும் இருக்கு. இதுக்கு மேல கிரவுன பெரும்பாலும் டென்டிஸ்ட் செய்யறதில்ல, வெளியில லேப்ல டென்டல் டெக்னீஷியன் செய்வாங்க, அந்த லேப் பில்லு தனியா வரும், டென்டிஸ்ட் முதல்ல வாயால சொன்ன தொகையில அது சேர்ந்திருக்காம கூட இருந்திருக்கலாம், அதான் இவ்வளவு பெரிய வித்தியாசம்னு எனக்கு தோணுது. கடவாய்ப்பல்லுல மூணு நாலு கெனால் இருக்கும், அதனால முன்பல்லுக்கு ஆகறத விட ரூட் கெனால் செலவும் கூடும்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, ரிசப்ஷன்ல கேட்டு வரிவரியா எழுதின பில்ல வாங்குங்க. ஒவ்வொரு வேலைக்கும் நாலு நம்பர்ல ஒரு கோடு (code) இருக்கும், 8101ன்னா வாய் முழுக்க பாத்த செக்கப், 8107ன்னா சின்ன எக்ஸ்ரே, 8159ன்னா க்ளீனிங், இப்படி. பல்லுக்கும் நம்பர் இருக்கும், கீழ் இடது பக்கம் முதல் பெரிய கடவாய்ப்பல்லு 36, அதுக்கு பின்னாடி 37, ஞானப்பல்லு 38. ஸ்கீம் அனுப்பின ஸ்டேட்மென்ட்ட பக்கத்துல வச்சு ஒவ்வொரு வரியா பாருங்க. எந்த வரிக்கு பாதி கட்டியிருக்கு, எந்த வரிய அப்படியே தள்ளியிருக்கு, ஏன் தள்ளினோம்னு சின்ன எழுத்துல ஒரு காரணம் போட்டிருப்பாங்க. பல்லு நம்பர் மாத்தி போட்டதால தள்ளின க்ளெய்மும் உண்டு, ஏன்னா ஒரே பல்லுக்கு இத்தனை வருஷத்துக்கு ஒரு கிரவுன்தான்னு கம்ப்யூட்டர் பாத்துட்டே இருக்கும். தப்பு இருந்தா டென்டிஸ்ட் திருத்தி மறுபடி அனுப்பலாம், ஸ்கீம் ஒரு க்ளெய்ம்ல தப்பு இருக்குனு நினைச்சா 30 நாள்ல சொல்லணும், திருத்தறதுக்கு 60 நாள் தரணும், இது சட்டத்துல இருக்கு. எல்லாம் சரியா இருந்து பாக்கி நின்னா, டென்டிஸ்ட்கிட்ட நேரா போய் மாசாமாசம் கட்டறேன்னு பேசுங்க, பெரும்பாலும் ஒத்துப்பாங்க, வர்ற மெசேஜுக்கு பதில் சொல்லாம மட்டும் இருக்காதீங்க.

அடுத்த தடவை பெரிய வேலைனு டென்டிஸ்ட் சொன்ன உடனே கோடோட எழுதின கோட்டேஷன் வாங்கிட்டு வீட்டுக்கு வந்துடுங்க. ஸ்கீமுக்கு போன் போட்டு கோட ஒண்ணொண்ணா சொல்லி எவ்வளவு தருவீங்க, எந்த பெனிஃபிட்ல இருந்து தருவீங்க, இந்த வருஷம் அதுல மிச்சம் எவ்வளவுனு கேளுங்க, கேட்டத ஈமெயில்ல அனுப்ப சொல்லுங்க. அவங்களோட நெட்வொர்க் டென்டிஸ்ட் யாருன்னும் கேளுங்க, நெட்வொர்க்ல இருக்கறவங்க ஸ்கீம் ரேட்டுக்கே பாக்க ஒத்துக்கிட்டவங்க, அங்க போனா பேசிக் வேலைக்கு இந்த 600 ராண்ட் பிரச்சனை பெரும்பாலும் வராது.

கேள்வி (பீனிக்ஸ்): அக்கா, எனக்கு 26 வயசு, முதல் வேலை, முதல் மெடிக்கல் எய்ட், ஆகஸ்ட்ல சேர்ந்தேன். ஞானப்பல்லு ரெண்டு பக்கமும் சாஞ்சு முளைக்குது, வலி தாங்கல. ஹாஸ்பிடல்ல மயக்கம் குடுத்து எடுக்கணும்னு சொல்றாங்க. ஸ்கீம் 12 மாசம் வெயிட் பண்ணுனு சொல்லுது. ஒவ்வொரு மாசமும் சம்பளத்துல பிடிக்கறாங்களே, அப்புறம் எதுக்கு வெயிட்டிங்?

பதில்: தம்பி, 1998ம் வருஷ மெடிக்கல் ஸ்கீம்ஸ் ஆக்ட்ல ஓப்பன் ஸ்கீம் (யார் வேணும்னாலும் சேரக்கூடிய ஸ்கீம்) எதுவும் உங்கள சேர்க்க மாட்டேன்னு சொல்ல முடியாது, நோய் இருக்குனு சந்தா அதிகமா வாங்கவும் முடியாது. அது நமக்கு பெரிய பாதுகாப்பு. அதுக்கு பதிலா ஸ்கீமுக்கு குடுத்த பாதுகாப்புதான் இந்த வெயிட்டிங், இல்லன்னா வலி வந்தப்புறம் சேர்ந்து, வேலைய முடிச்சுட்டு வெளிய போயிடலாம் இல்லையா, அப்ப வருஷக்கணக்கா கட்டிட்டு இருக்கறவங்க காசுதான் போகும்.

சேர்றதுக்கு முன்னாடி 90 நாளோ அதுக்கு மேலயோ எந்த மெடிக்கல் எய்ட்லயும் இல்லாதவங்களுக்கு எல்லா க்ளெய்முக்கும் பொதுவா 3 மாசம், ஏற்கனவே இருந்த பிரச்சனைக்கு 12 மாசம் வரைக்கும் போடலாம். சேர்றதுக்கு முந்தின 12 மாசத்துக்குள்ள அந்த பிரச்சனைக்கு டாக்டர் யாராவது ஆலோசனை சொல்லியிருந்தாலோ மருந்து குடுத்திருந்தாலோதான் அந்த 12 மாச வெயிட்டிங் செல்லும். இத கவனிங்க தம்பி, நீங்க ஆகஸ்ட்டுக்கு முன்னாடி இந்த பல்லுக்குனு யாரையும் பாக்கலன்னா, சேர்ற ஃபார்ம்ல அத எழுதலன்னா, எந்த ஆதாரத்த வச்சு 12 மாசம் போட்டீங்கனு எழுதி கேளுங்க. பாத்திருந்தீங்கன்னா அவங்க சொல்றது சரி. அப்பா அம்மாவோட மெடிக்கல் எய்ட்ல டிபெண்டண்டா இருந்துட்டு அது முடிஞ்ச 90 நாளுக்குள்ள இங்க சேர்ந்திருந்தா கணக்கே வேற, அப்ப பழைய ஸ்கீம்ல இருந்து மெம்பர்ஷிப் சர்டிஃபிகேட் வாங்கி உடனே அனுப்புங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல அங்க இருந்திருந்தீங்கன்னா 12 மாசம்ங்கறதே போட முடியாது, 3 மாசம்தான்.

வெயிட்டிங் தீர்ந்தாலும் ஞானப்பல்லுல இன்னும் சிக்கல் இருக்கு. மயக்கம் குடுத்து தியேட்டர்ல செய்யறதுக்கு ஆத்தரைசேஷன் வேணும், பல ப்ளான்ல ஹாஸ்பிடல் வாசல்லயே ஒரு கோ-பேமென்ட் (நம்ம கையில இருந்து கட்டற பங்கு) கட்டணும். ஹாஸ்பிடல் பில்லும் மயக்க டாக்டர் பில்லும் ஹாஸ்பிடல் பெனிஃபிட்ல போகும், பல்லு எடுக்கற டாக்டரோட பில்லு மட்டும் பல்லு லிமிட்லயோ சேவிங்ஸ்லயோ போய் விழும், இப்படி பிரிச்சு வச்சிருக்கற ப்ளான் நிறைய இருக்கு. டென்டிஸ்ட் நாற்காலியிலயே மரத்துப்போற ஊசி, இல்ல லேசான தூக்க மருந்து குடுத்து எடுக்க முடியுமானு ஒரு வார்த்தை கேளுங்க, சில ஸ்கீம் அப்படி எடுத்தா கோ-பேமென்ட் வாங்கறதில்ல. பல்லு எலும்புக்குள்ள எப்படி படுத்திருக்குனு பெரிய எக்ஸ்ரே பாத்துதான் டாக்டர் சொல்வார், அத மட்டும் காசுக்காக நீங்களா முடிவு பண்ணாதீங்க.

ஆகஸ்ட்ல சேர்ந்ததால வருஷ லிமிட் உங்களுக்கு முழுசா கிடைக்காது, ஆகஸ்ட்ல இருந்து டிசம்பர் வரைக்கும் 5 மாசம், அதனால 12ல 5 பங்குதான். சேவிங்ஸ் பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன், சந்தாவுல 25%க்கு மேல சேவிங்ஸுக்கு ஒதுக்கக்கூடாதுனு விதி இருக்கு, அந்த வருஷத்து சேவிங்ஸ பல ஸ்கீம் முன்கூட்டியே செலவு பண்ண விடுவாங்க, ஆனா நடுவுல வேலைய விட்டு ஸ்கீம விட்டு போனா, அதிகமா எடுத்தத திருப்பிக் கேப்பாங்க. புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு இத யாரும் சொல்றதில்ல.

கேள்வி (ஸ்டாங்கர்): எங்க அம்மாவுக்கு 71 வயசு. மூணு வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச பல்லு செட் கீழ விழுந்து ரெண்டா போச்சு. ஸ்கீம் இன்னும் டைம் ஆகலன்னு சொல்லுது. அதுவரைக்கும் அம்மா கஞ்சி குடிச்சுட்டு இருக்கணுமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி, அம்மாவ அப்படி விடாதீங்க. பல ஸ்கீம்ல பிளாஸ்டிக் பல்லு செட் நாலு வருஷத்துக்கு ஒண்ணுதான், மெட்டல் ஃப்ரேம்னா அஞ்சு வருஷம். இதுல காலண்டர் வருஷம் கணக்கில்ல, போன செட் வாங்கின தேதியில இருந்து எண்ணுவாங்க, ஜனவரி வந்துருச்சுனு போனா திருப்பி அனுப்பிடுவாங்க. ஆனா ரிப்பேருக்கு இந்த நாலு வருஷ கணக்கு பெரும்பாலும் கிடையாது, அது தனி கோடு. ரெண்டா உடைஞ்ச செட்ட லேப்ல ஒட்டித்தர முடியும், பல நேரம் புது செட் செலவுல சின்ன பங்குதான் ஆகும். வீட்டுல கடை பசை போட்டு ஒட்டிடாதீங்க, அப்புறம் லேப்ல சரியா பொருத்த முடியாது, அந்த பசை வாய்க்கும் ஆகாது. ஈறு சுருங்கி செட் லூசா இருந்தா உள்பக்கம் புதுசா பூசி குடுப்பாங்க, அதுக்கும் தனியா பெனிஃபிட் இருக்கானு கேளுங்க.

கையில இருந்து கட்டற ஸ்லிப் எல்லாத்தையும் பத்திரமா வைங்க. 65 வயசு ஆனவங்க வருமான வரி கட்டறவங்களா இருந்தா, மெடிக்கல் எய்ட் தராம அவங்க கையில இருந்து கட்டின வைத்திய செலவுல 33.3% வரியில கழியும், பல்லு செட்டும் அதுல வரும். நீங்க அம்மாவுக்காக கட்டி, உங்களுக்கு 65 ஆகலன்னா இந்த கணக்கு இல்ல, உங்க வரிக்குரிய வருமானத்துல 7.5%ஐ தாண்டின செலவுலதான் 25% கிடைக்கும், பெரும்பாலானவங்களுக்கு அது எட்டாது. அதனால பென்ஷன்ல வரி போற அம்மான்னா பில்லு அவங்க பேர்ல இருக்கட்டும், காசும் அவங்க கணக்குல இருந்தே போகட்டும்.

கேள்வி (லெனேஷியா): பொண்ணுக்கு 17 வயசு, பல்லுக்கு கம்பி போடணும். இப்ப போடலாமா, மெட்ரிக் முடிஞ்சு போடலாமா?

பதில்: மெடிக்கல் எய்ட்ல இருந்து ஏதாவது வேணும்னா இப்பவே கேளுங்க, கம்பிக்கு காசு தர்ற ஸ்கீம்ல பலதும் 18 வயசோட கதவ சாத்திடும். ஆர்த்தடான்டிஸ்ட் (கம்பி மாட்டற ஸ்பெஷலிஸ்ட்) ட்ரீட்மென்ட் ப்ளானும் கோட்டேஷனும் அனுப்பி ஆத்தரைசேஷன் வரணும், பல்லு அழகுக்கு மட்டும்னு பட்டா தள்ளிடுவாங்க, கடிக்கறதுக்கு மெல்றதுக்கு கஷ்டம்னு இருந்தா ஆர்த்தடான்டிஸ்ட் அத அளவோட எழுதித் தருவார். ஒரே தடவையில கட்ட மாட்டாங்க, முதல்ல கொஞ்சம், மிச்சத்த மாசாமாசம் பிரிச்சு கட்டுவாங்க, அதனால கம்பி வாயில இருக்கும்போது ஸ்கீம் மாத்தினா புது ஸ்கீம் மிச்சத்த கட்டும்னு நம்பாதீங்க, முதல்ல எழுதி கேளுங்க.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): ஐயா மெடிக்கல் எய்ட் கட்ட வசதியில்ல. போன்ல ஒருத்தர் மாசம் சின்ன தொகைக்கு டென்டல் கவர்னு சொல்றார். எடுக்கலாமா?

பதில்: (என்ன ஐயான்னு கேட்டிருக்கீங்க, நான் அக்காதான், பரவால்ல.) அது மெடிக்கல் எய்ட் இல்லங்க, இன்சூரன்ஸ் பாலிசி. 2017 ஏப்ரல் 1ல இருந்து இந்த ரெண்டையும் பிரிச்சு விதி வந்திருக்கு. மெடிக்கல் எய்ட்ட பாக்கறது கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸ், சாதாரண இன்சூரன்ஸ் பாலிசிய பாக்கறது எஃப்எஸ்சிஏங்கற நிதித்துறை கண்காணிப்பு அமைப்பு. எடுக்கறது தப்புனு நான் சொல்லல, கொஞ்சம் காசுல செக்கப், ஃபில்லிங், பல்லு புடுங்கறது கிடைச்சா நல்லதுதான். ஆனா போன்லயே சரின்னு சொல்லிடாதீங்க. பாலிசி பேப்பர அனுப்ப சொல்லுங்க, வருஷத்துக்கு எத்தனை தடவை, ஒரு தடவைக்கு அதிகபட்சம் எவ்வளவு, எத்தனை மாசம் கழிச்சு ஆரம்பிக்கும், உங்க ஊர்ல அவங்க டென்டிஸ்ட் யாராவது இருக்காங்களா, இத கேட்டுட்டு ஒரு வருஷ சந்தாவ கூட்டிப் பாருங்க, அது அவங்க தர்ற அதிகபட்ச தொகைக்கு கிட்ட வந்துட்டா அந்த காச நீங்களே பேங்க்ல போட்டு வைக்கலாம். கேப் கவர்னு ஒண்ணும் விப்பாங்க, அது மெடிக்கல் எய்ட் இருக்கறவங்களுக்கு ஹாஸ்பிடல்ல விழற பாக்கிக்கு, உங்களுக்கு உதவாது.

கவரே இல்லன்னாலும் வழி இருக்கு. டென்டல் தெரபிஸ்ட்னு ஒரு படிப்பு இருக்கு, நம்ம பக்கத்துல பழைய டர்பன் வெஸ்ட்வில் யூனிவர்சிட்டியில ஆரம்பிச்சு இப்ப க்வாசூலு நட்டால் யூனிவர்சிட்டியில நடக்குது, நம்ம பிள்ளைங்க நிறைய பேர் படிச்சிருக்காங்க. அவங்க செக்கப், க்ளீனிங், ஃபில்லிங், பல்லு புடுங்கறது எல்லாம் செய்வாங்க, ரேட்டும் பொதுவா டென்டிஸ்ட்ட விட குறைவு, ரூட் கெனால் கிரவுன் மட்டும் அவங்க செய்யறதில்ல. அரசாங்க க்ளினிக்லயும் ஹாஸ்பிடல்லயும் பல்லு பாக்கறாங்க, பெரும்பாலும் புடுங்கற வேலைதான், காலையில சீக்கிரம் போய் வரிசையில நிக்கணும்.

கேள்வி (டோங்காட்): க்ளெய்ம தள்ளிட்டாங்க, போன் பண்ணி பண்ணி அலுத்துட்டேன். யார்கிட்ட போறது? இன்னொண்ணு, பல்லு வீங்கி எமர்ஜென்சினா லிமிட் தீர்ந்திருந்தாலும் கட்டுவாங்களா?

பதில்: போன விட்டுட்டு எழுத ஆரம்பிங்க அண்ணே. வைத்தியம் பாத்த மாசத்துக்கு அடுத்து நாலாவது மாசம் முடியறதுக்குள்ள க்ளெய்ம் ஸ்கீமுக்கு போய் சேர்ந்திருக்கணும், டென்டிஸ்ட் அனுப்பிட்டாங்கன்னு நம்பி இருக்காம நீங்களும் ஒரு தடவை பாருங்க. தள்ளினதுக்கு காரணம் எழுத்துல கேளுங்க, ஸ்கீம் ரூல் நம்பரோட. சில ஸ்கீம் பல்லு வேலைய தனியா ஒரு கம்பெனிகிட்ட விட்டிருக்கும், அவங்க இல்லன்னு சொன்னா அங்கயே நிக்காம ஸ்கீமோட தலைமை அதிகாரியான பிரின்சிபல் ஆபிசருக்கு எழுதுங்க. அதுலயும் சரியா வரலன்னா சென்சூரியன்ல இருக்கற கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸுக்கு புகார் குடுங்க, காசு கிடையாது, வக்கீல் வேண்டாம், அவங்க அனுப்பின புகாருக்கு ஸ்கீம் 30 நாள்ல பதில் சொல்லியாகணும். ஆனா ஸ்கீம் ரூல்லயே தர மாட்டோம்னு தெளிவா போட்டிருக்கற ஒண்ண, உதாரணத்துக்கு இம்ப்ளான்ட்ட (தாடை எலும்புல பதிக்கற பல்லு), கவுன்சிலாலயும் வாங்கித்தர முடியாது.

எமர்ஜென்சி கேள்வி ரொம்ப முக்கியம். பிஎம்பின்னு சொல்றாங்களே, எந்த ப்ளானா இருந்தாலும் ஸ்கீம் கட்டியே ஆகவேண்டிய நோய்ப் பட்டியல், அதுல சாதாரண பல்லு வேலை கிடையாது. சொத்தை, வலி, விழுந்த ஃபில்லிங் எதுவும் வராது. ஆனா தாடை எலும்பு முறிவு, வாய்ப் புத்துநோய் மாதிரி பெருசானது வரும், உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்துனு உடனே பாத்தாகணும்ங்கற நிலையும் வரும். அதனால பல்லு லிமிட் தீர்ந்துருச்சுன்னு ஸ்கீம் ஒரு வார்த்தையில சொன்னா அதோட விடாதீங்க, இது பிஎம்பி, அப்படித்தான் பாக்கணும்னு டாக்டர்கிட்ட சரியான ஐசிடி 10 கோடோட (எந்த நோய்னு குறிக்கற கோடு) எழுதி வாங்கி அனுப்புங்க.

கன்னம் வீங்கி காய்ச்சல் வந்து, வாய திறக்க முடியல, எச்சில் முழுங்க முடியல, நாக்குக்கு கீழயோ கழுத்துலயோ வீக்கம் இறங்குதுன்னா மூச்சுக்குழாய அடைக்கற அளவுக்கு போகும், லிமிட் இருக்கா இல்லையானு போன் போட்டுட்டு இருக்காதீங்க, ராத்திரியோ ஞாயித்துக்கிழமையோ பக்கத்துல இருக்கற ஹாஸ்பிடல் எமர்ஜென்சிக்கு போயிடுங்க, மெடிக்கல் எய்ட் கார்டே இல்லாதவங்களும்தான், எமர்ஜென்சி வைத்தியத்த யாருக்கும் மறுக்கக்கூடாதுனு நம்ம அரசியல் சட்டத்துலயே 27வது பிரிவுல எழுதியிருக்கு.